பட்டறைத் தூசியும் தானே விழிக்கும் காவலும்

வானொலியில் விஞ்ஞானம் பேச வருவோர் விண்ணையும் அணுவையும் பற்றிப் பேசுவதே பெரும்பாலும் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு பெரியதன்று. ஒரு தச்சுப் பட்டறையில் ரம்ப யந்திரத்தை முடுக்கியவுடன், தூசியை உறிஞ்சும் யந்திரமும் யாரும் தொடாமலே ஓடத் தொடங்க வேண்டும்; ரம்பம் நின்று சில விநாடிகள் கழிந்த பின் அதுவும் தானே நிற்க வேண்டும். இது எதற்காக வேண்டும்? இதற்கு வழி என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். பொருள் சிறியதேயாயினும் அதனுள் மின்காந்த இயலும், உடல் நலமும், மனித இயல்பும் ஒருங்கே அடங்கியிருக்கக் காண்போம்.

முதலில் தூசியின் தன்மையை அறிந்துகொள்வோம். கையால் இழைப்புளி தள்ளும் தச்சரைப் பார்த்திருப்பீர்கள். அவர் காலடியில் விழுவன சுருள் சுருளான மரச் செதில்கள். அவை கனமானவை, விழுந்த இடத்தில் கிடக்கும். கை ரம்பத்தினின்று உதிர்வதும் பருமனான தூளே. மின்சாரத்தால் சுழலும் ரம்பமும், உப்புத்தாள் பூட்டி மரத்தை மெருகிடும் யந்திரமும் வந்த பின் நிலைமை மாறிவிட்டது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் அவை, மரத்தை வெட்டுவதோடு நில்லாமல் பொடியாகவும் ஆக்கிவிடுகின்றன. அப்பொடியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி உண்டு. தெரியாத பகுதியும் உண்டு. அஞ்சத்தக்கது இரண்டாவதே.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நீரின் அடர்த்தியுள்ள 100 மைக்ரான் துகள் ஒன்று அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழ ஆறு விநாடி போதும். 10 மைக்ரான் துகளுக்கோ எட்டு நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் வேண்டும்! மாலையில் பட்டறையைப் பூட்டிவிட்டு வீடு சென்ற தொழிலாளி காலையில் வந்து கதவைத் திறக்கும்போதும், நேற்றைய தூசியில் ஒரு பகுதி அவரை வரவேற்கக் காத்திருக்கிறது. இத்துணை நுண்ணிய துகள்களை மூக்கின் மயிர்கள் தடுத்து நிறுத்த இயலாது. நான்கைந்து மைக்ரானுக்கு உட்பட்டவை நுரையீரலின் நுண்ணறைகள் வரை சென்று சேரவல்லவை.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து முறையாக நூல் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமத்ஸீனி. அவருடைய நூல் 1700-ஆம் ஆண்டு மோதனா நகரில் வெளியாயிற்று. நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எளிய கேள்விதான், ஆனால் அதைக் கேட்காமையால் அறியப்படாது போன நோய்கள் பல.

அக்கேள்வியின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். இங்கிலாந்தில் ஹை விகம் என்பது நாற்காலி செய்வதில் பெயர் பெற்ற ஊர். அப்பகுதியில் காது மூக்குத் தொண்டை மருத்துவராகப் பணியாற்றிய எஸ்மி ஹாட்ஃபீல்டு என்னும் அம்மையார், மூக்கினுள் தோன்றும் மிக அரிய வகைப் புற்றுநோய் ஒன்று மர வேலையாளர்களிடையே அடிக்கடி காணப்படுவதைக் கவனித்தார். அவரும் டொனால்டு ஆச்சிசன் முதலிய மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து, 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். பின்னர் 1995-இல், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. நெடுநாள் இருமல், இளைப்பு, தோல் அரிப்பு ஆகியவை இதற்குப் புறம்பாக உள்ளவை.

மரத்தூசி மட்டும்தான் தீயது என்று எண்ண வேண்டா. கல்லை அறுப்போரும் தேய்ப்போரும் சுவாசிக்கும் சிலிகாத் தூசி இன்னும் கொடியது. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்னும் ஊர் சிலேட்டுக் குச்சித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே குச்சிகளை யந்திரத்தில் அறுத்த தொழிலாளர் பலர் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு இளவயதிலேயே ஆளாயினர். பல தலைமுறைக் குழந்தைகள் அகரம் எழுதிப் பழகியது சிலேட்டுக் குச்சியால்தான். நான் எழுதப் பழகியதும் அதனாலேதான். அதன் விலையில் எவருடைய மூச்சு அடங்கியிருந்தது என்பதை அன்று எங்களுக்குச் சொல்வார் இல்லை.

தூசிக்கு இன்னொரு முகமும் உண்டு. எரியக்கூடிய பொருள் பொடியாகிக் காற்றில் பரவிவிட்டால் வெடிமருந்து போல் ஆகிவிடும். 1785-இல் இத்தாலியின் துரின் நகரில் ஒரு மாவுக் கிடங்கில் எழுந்த தூசி விளக்குச் சுடரில் பற்றி வெடித்தது. 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பெரிய மாவு ஆலையொன்று அவ்வாறே வெடித்துப் பதினெட்டுப் பேர் மாண்டனர். பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2012-ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இரண்டு மர அறுவை ஆலைகள் மரத்தூசியால் வெடித்தன. ஒவ்வொன்றிலும் இருவர் உயிரிழந்தனர்.

இனிப் பரிகாரத்தைக் காண்போம். தூசியை எழவிட்டுப் பின் துடைப்பத்தால் பெருக்குவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும். பெருக்கும்போது நுண்ணிய பகுதி மீண்டும் எழுந்து மூக்குக்குள் செல்கிறது. ஆகவே, தூசி பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்துவிட வேண்டும். நம் நாட்டில் 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும், உறிஞ்சும் சாதனத்தைத் தூசி தோன்றும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் வைக்க வேண்டும் என்றே விதித்தது.

அருகில் வைக்க வேண்டும் என்பது ஏன்? வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். எரியும் மெழுகுவர்த்தியை ஒரு முழத் தொலைவிலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தொலைவிலிருந்து மூச்சை உள்ளிழுத்து அணைக்க முயன்றால் சுடர் அசையக்கூட மாட்டாது. ஊதும் காற்று அம்பு போல் ஒரே திசையில் செல்கிறது. உறிஞ்சும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. குழாயின் வாயிலிருந்து அவ்வாயின் விட்டத்தளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே உறிஞ்சும் வாய் ரம்பத்தின் பல்லோரமாகவே இருத்தல் வேண்டும்.

தூசியை ஊதித் தள்ளுவதினும் உறிஞ்சி அடைப்பதே சிறந்தது என்னும் எண்ணத்தை யந்திரமாக்கியவர்களுள் ஒருவர் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியியலார். 1901-இல் அவர் தம் உறிஞ்சி யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்தவை இன்று வீடுகளிலும் பட்டறைகளிலும் இருக்கின்றன.

உறிஞ்சும் யந்திரம் இருக்கிறது. அதை வாங்கியும் வைத்தாயிற்று. அப்படியானால் கதை முடிந்ததன்றோ என்பீர்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் பகுதியில் ஒரு தச்சர் இருக்கிறார். நான் பணியாற்றிய பள்ளிக்கு மேசையும் பெஞ்சும் செய்து தந்தவர். ஐம்பது வயதைக் கடந்தவர். பட்டறையில் உறிஞ்சும் யந்திரம் வைத்திருந்தும் அவருடைய இருமல் குறைந்தபாடில்லை. ஒரு நாள் அவர் வேலை செய்வதை அருகிருந்து கவனித்தேன். ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கு மேல் ரம்பத்தை ஓட்டினார். உறிஞ்சியை முடுக்கியது நான்கு முறை. அது சுவரோரம் இருந்தது; ஒவ்வொரு முறையும் நடந்து சென்று விசையைப் போட வேண்டும்.

“மேஸ்திரி, அதை ஓடவிட்டே வைக்கலாமே?” என்று கேட்டேன்.

“நாள் முழுவதும் ஓடினால் மின்கட்டணம் யார் கொடுப்பது, ஐயா? அதன் இரைச்சலில் காதும் அடைத்துப் போகும்” என்றார்.

“வெட்டும்போதாவது போடலாமே?”

“ஒரே ஒரு வெட்டுத்தானே என்று நினைத்துவிடுகிறேன், ஐயா. கை மரத்தின்மேல் இருக்கும்போது மனம் சுவரோரம் போவதில்லை.”

இவ்விடையில் நான் குறை காண மாட்டேன். கூரிய பல்லுக்கு அருகே விரல் இருக்கும்போது மனம் முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும், அதுவே முறை. அந்த மனத்தின்மேல் மற்றொரு சுமையையும் ஏற்றிவிட்டு, “மறந்தது உன் குற்றம்” என்பது நீதியாகாது. மறதி மனித இயல்பு. மறதிக்கு இடமில்லாதபடி கருவியை அமைப்பதே அறிவு. அவருடைய மகன் மின்பொறியியலில் பட்டயப் படிப்பு முடித்தவன். தந்தையின் இருமலைக் கேட்டு வளர்ந்த அவனே, அப்பட்டறையில் உறிஞ்சி தானே இயங்கும் அமைப்பைச் செய்து முடித்தான். இப்போது முப்பது வெட்டுக்கும் முப்பது முறையும் அது ஓடுகிறது.

அந்த அமைப்பின் உட்பொருளைச் சொல்கிறேன். 1820-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது என்பது அதனால் விளங்கிற்று. 1831-இல் மைக்கேல் ஃபாரடே, மாறும் காந்தப் புலம் அருகிலுள்ள சுருளில் மின்சாரத்தைத் தூண்டும் என்று காட்டினார். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று வீதம் மாறிக்கொண்டே இருப்பது. ஆகையால், ரம்பத்துக்குச் செல்லும் கம்பியை இரும்பு வளையம் ஒன்றினுள் செலுத்தி, அவ்வளையத்தின்மேல் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றிவிட்டால், ரம்பம் ஓடும்போதெல்லாம் அச்சுருளில் சிறு மின்சாரம் தோன்றும். சுருளில் 1,000 சுற்று இருக்குமானால், ரம்பம் 6 ஆம்பியர் இழுக்கும்போது சுருளில் ஏறத்தாழ 6 மில்லி ஆம்பியர் ஓடும். ரம்பத்தின் கம்பியை வெட்டவும் வேண்டா, தொடவும் வேண்டா. அது செய்யும் வேலையை எட்ட நின்றே அறிந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாணவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். வளையத்தினுள் செல்ல வேண்டியது ஒரே கம்பி. போகும் கம்பி, திரும்பும் கம்பி ஆகிய இரண்டையும் சேர்த்துச் செலுத்தினால், இரண்டின் காந்த விளைவும் எதிரெதிராகி ஒன்றையொன்று அழித்துவிடும். சுருள் ஒன்றையும் உணராது. இதே தத்துவத்தை வேண்டுமென்றே பயன்படுத்தும் சாதனமும் உண்டு. போன மின்சாரம் முழுவதும் திரும்பாமல், ஒரு பகுதி மனித உடல் வழியே தரைக்குக் கசிந்துவிட்டால், அப்போது மட்டும் சுருள் உணரும். உடனே இணைப்பைத் துண்டிக்கும். வீட்டுப் பலகையில் உள்ள கசிவுத் தடுப்புச் சாதனம் அதுவே. ஓரிடத்தில் பிழையாவது மற்றோரிடத்தில் உயிர் காக்கிறது.

சுருளில் தோன்றிய சிறு மின்சாரம் ஒரு பெரிய மோட்டாரை ஓட்டாது. அது ஒரு சிறிய மின்னணு உறுப்பை விழிக்கச் செய்கிறது. அது ரிலே எனப்படும் மின்காந்த விசையை இழுக்கிறது. ரிலே, கான்டாக்டர் என்னும் பெரிய விசையை இழுக்கிறது. அதுவே உறிஞ்சியின் மோட்டாரை முடுக்குகிறது. சிறு மின்சாரத்தால் பெரு மின்சாரத்தை ஆளும் இம்முறையை 1835-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி செய்து காட்டினார். சிற்றரசன் சேனாதிபதிக்குச் சொல்ல, சேனாதிபதி படையை நடத்துவது போன்றதென்று கொள்ளலாம்.

இவ்வமைப்பில் மூன்று அளவுகளைச் சரியாக வைக்க வேண்டும். முதலாவது, எவ்வளவு மின்சாரம் ஓடினால் விழிப்பது என்பது. ரம்பத்தில் உள்ள சிறு அடையாள விளக்கு எரிந்தாலே உறிஞ்சி ஓடத் தொடங்கக் கூடாது. இரண்டாவது, எவ்வளவு நேரம் கழித்து முடுக்குவது என்பது. மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிலவகை மோட்டார்களில் அது ஆறு மடங்குக்கும் எட்டும். இரண்டு மோட்டார்களும் ஒரே கணத்தில் புறப்பட்டால் பியூஸ் போய்விடும். ஆதலின் ரம்பம் வேகம் பெற ஓரிரு விநாடி விட்டு உறிஞ்சியை முடுக்குதல் வேண்டும். மூன்றாவது, ரம்பம் நின்ற பின் எவ்வளவு நேரம் ஓடுவது என்பது. ஐந்து முதல் பத்து விநாடி ஓடினால், ரம்பத்தின் கூட்டிலும் குழாயிலும் தங்கிய தூளும் உள்ளே சென்றுவிடும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1,400 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் கொள்ளும். 1,200 வாட் உறிஞ்சி 5 ஆம்பியருக்குச் சற்று மேல் கொள்ளும். இரண்டும் சேர்ந்து 11 ஆம்பியருக்கு மேல். 6 ஆம்பியர் இணைப்பு இதைத் தாங்காது. 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். பெரிய யந்திரங்களாயின் தனித்தனி மின்சுற்றே தக்கது. இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். தத்துவத்தை அறிவது மாணவர் கடமை. உயிருள்ள கம்பியைத் தொடுவது அன்று.

இனி ஓர் ஆழமான வினா. இங்கே கூறிய முறையில் ரம்பம் ஓடுகிறது. அது கண்டு உறிஞ்சி எழுகிறது. சுருள் பழுதாகிவிட்டால் என்ன நேரும்? ரம்பம் வழக்கம்போல் ஓடும், உறிஞ்சி உறங்கும், தூசி எழும். காவல் தவறியதை அறிவிக்க ஒன்றும் இராது. இதை மாற்றியமைத்தால் என்ன? முதலில் உறிஞ்சி ஓட வேண்டும். குழாயில் காற்று இழுக்கப்படுவதை ஒரு சவ்வு விசை உறுதி செய்ய வேண்டும். அதன் பின்னரே ரம்பத்துக்கு மின்சாரம் கிடைக்க வேண்டும். இம்முறையில் சவ்வு விசையின் கம்பி அறுந்தால் ரம்பம் ஓடாது, வேலை தடைப்படும், பழுது உடனே தெரிந்துவிடும். வேலை தடைப்படுவது நட்டம்தான்; ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் நட்டம்.

இதைப் போன்ற சிந்தனையை ரயில் வண்டியில் முன்பே கண்டோம். 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அமைத்த முதல் காற்றுத் தடையில், குழாயில் காற்றைச் செலுத்தினால் தடை பிடிக்கும். குழாய் அறுந்தால் தடையே இல்லை. 1872-இல் அவர் அதைத் தலைகீழாக்கினார். காற்றழுத்தம் குறைந்தால் தடை பிடிக்கும்படி செய்தார். குழாய் அறுந்தால் வண்டி தானே நிற்கும். எவ்வகைக் காவலைக் கண்டாலும், “இது பழுதானால் என்ன ஆகும்?” என்று கேட்டுப் பழகுங்கள். நல்ல பொறியியலாரின் முதல் கேள்வி அது.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. உறிஞ்சி தானே எழலாம். ரம்பம் ஒருபோதும் தானே எழக் கூடாது. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போதோ, குழாயில் காற்று மீண்டும் இழுக்கப்படும்போதோ ரம்பம் தானாகச் சுழலத் தொடங்கினால், பல்லின் அருகே இருக்கும் விரலின் கதி என்னாகும்? ஆகவே ரம்பத்தின் விசை, மின்சாரம் நின்றவுடன் தானே விடுபட்டு, மனிதன் மறுபடி அழுத்தினாலன்றி இணையாததாக இருத்தல் வேண்டும். எதைத் தானே இயங்க விடலாம், எதை மனிதன் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று பகுத்தறிவதில்தான் தானியக்கத்தின் நன்மை அடங்கியிருக்கிறது. உறிஞ்சியின் உள்ளே கையிட்டுத் துப்புரவு செய்யும்போதும் அதன் இணைப்பை முழுவதும் கழற்றிவிட வேண்டும். அது எந்தக் கணத்திலும் விழிக்கக்கூடியது என்பதை மறக்கலாகாது.

தானே இயங்குவதாலேயே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று இருந்துவிடவும் கூடாது. பை நிறைந்துவிட்டால், வடிகட்டி அடைபட்டுவிட்டால், மோட்டார் இரையும்; காற்று வராது. வடிகட்டி முரட்டுத் துணியாயின் பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு நுண்ணிய தூசியை அறைக்குள்ளேயே திருப்பி ஊதும். இது பெருந்தீங்கு. பயன்படுத்தாத யந்திரங்களின் குழாய்த் தடுப்புகளை மூடி வைத்தால்தான் வேண்டிய இடத்தில் இழுப்பு இருக்கும். மெருகிடும் வேலையில் தக்க முகமூடியும் அணிய வேண்டும். தரையை ஈரத்துணியாலோ உறிஞ்சியாலோ துடைக்க வேண்டும். உடையில் படிந்த தூளைக் காற்றடித்துப் போக்கலாகாது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை பட்டறை அமைப்பீர்கள், சிலர் தொழிற்சாலை ஆய்வாளராவீர்கள், சிலர் மருத்துவராவீர்கள். மற்றவர்கள் பிறர் செய்த மேசையில் அமர்ந்து எழுதுவீர்கள். எந்நிலையில் இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை ஒரு பட்டறையைக் கடந்து செல்லும்போது, சாளரத்தின் வழியே சாய்ந்து விழும் வெயிற்கற்றையைப் பாருங்கள். அதில் மிதப்பதை அங்கே இருப்பவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் சுவாசிக்கிறார். அதைத் தடுக்க நான் இன்று கூறிய ஒரு வளையமும், ஒரு சுருளும், ஒரு ரிலேயும் பெரும்பகுதி உதவும். அவற்றின் தத்துவம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தேர்வுக்காகப் படித்த அப்பாடத்தை அந்த வெயிற்கற்றையோடு பொருத்திப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.